கொடுத்ததும் கொடாததும்



ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. ஈகையின் பெருமையைப் பேசுவோர் இவ்வுவமையைப் பன்முறை எடுத்தாண்டிருக்கின்றனர். அதே சுடர் கூரை ஓலையிலும் பற்றும் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நாம் இன்று ஆராயப் புகும் பொருளுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

நெல்லைக் கொடுத்தால் குதிரில் நெல் குறையும். துணியைக் கொடுத்தால் பெட்டியில் துணி குறையும். குறைவதனாலேயே கொடுப்பவன் ஒருமுறை எண்ணிப்பார்க்கிறான். வீட்டிலே கைபேசியால் எடுத்த வீடியோவும், கூடத்தில் அமர்ந்து பாடிப் பதிந்த பாட்டும் அத்தகையன அல்ல. ஆயிரம் பேருக்குக் கொடுத்த பின்னும் அவை கொடுத்தவனிடம் முழுமையாகவே இருக்கும். “குறையாத பொருளைக் கொடுப்பதற்கு எண்ணிப்பார்ப்பது எதற்கு?” என்று மனம் கேட்கிறது. குறையாத பொருளுக்கே மிகுதியாக எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முறை யாது?

அறியாத ஒன்றைப் பற்றி நன்று தீது கூறுதல் நேர்மையன்று. ஆதலின் கணினிகள் ஒன்றுக்கொன்று நேரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதற்கண் தெரிந்துகொள்வோம்.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் ஏற்பாடு தோன்றிற்று. பாட்டுக் கோப்புகள் அவரவர் கணினியிலேயே இருக்கும். எவரிடம் எது உண்டு என்னும் பட்டியல் மட்டும் நடுவிலே ஓரிடத்தில் இருக்கும். இசைக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 2001இல் அவ்வேற்பாடு நிறுத்தப்பட்டது. அதே 2001ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்பவர் பிட்டோரண்ட் என்னும் முறையை வெளியிட்டார்.

இம்முறையில் கோப்பு சிறு சிறு துண்டுகளாக வகுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணக்கிட்டெடுத்த அடையாள எண் ஒன்று உண்டு. துண்டு கைமாறும்போது சிதைந்தாலோ, எவரேனும் அதனை மாற்றி வைத்தாலோ, அவ்வெண் ஒவ்வாமல் அத்துண்டு தள்ளப்படும். முதலில் கொடுப்பவர் ஒருவர். அவரிடம் ஒரு துண்டைப் பெற்றவர், மற்றத் துண்டுகள் வருமுன்னரே, தம்மிடம் உள்ளதை அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். எடுப்போர் யாவரும் கொடுப்போராகவும் இருப்பது இம்முறையின் இயல்பு.

இதனால் ஏழைக்கு விளைந்த நன்மை பெரிது. 100 மெகாபைட் அளவுள்ள ஒரு வீட்டு வீடியோவை 1,000 பேருக்கு ஒருவரே தனித்தனியாக அனுப்புவதாயின், அவர் கணினியிலிருந்து 1,00,000 மெகாபைட் வெளியே செல்ல வேண்டும். பகிர்வு முறையிலோ, ஒன்றிரண்டு படிகளின் அளவுக்கு அவர் துண்டுகளைக் கொடுத்துவிட்டாற்கூடப் போதும். மீதியைப் பெற்றவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வர். பெருநிலையமும் பெரும்பணமும் இல்லாதவன் பாடிய பாட்டும் உலகைச் சுற்றி வரலாம்.

யூடியூப் 2005இல் தோன்றிய பின், வீட்டு வீடியோவைக் காட்டுவதற்குச் செலவில்லாத வேறு வழியும் பிறந்தது. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது. வேண்டுமாயின் அது ஒன்றை நீக்கலாம், வெளியிட்டவரும் நீக்கிக்கொள்ளலாம். டோரண்டில் நடுவில் எவரும் இலர். ஆதலின் தடுப்பாரும் இலர். திரும்ப எடுத்துத் தருவாரும் இலர். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இழந்தவர் யார் என்னும் கேள்வி

“இது திருடர் கையில் உள்ள கருவியன்றோ?” என்று சிலர் கேட்பர். திரைப்படங்களையும் பாட்டுகளையும் உரிமையாளர் இசைவின்றிப் பலர் இவ்வழியே எடுக்கின்றனர் என்பது மெய்யே. ஆனால் அரிவாள் கதிரும் அறுக்கும், கழுத்தும் அறுக்கும். 2005 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கிராக்ஸ்டர் என்னும் பகிர்வுக் கம்பெனியின் வழக்கில் அளித்த தீர்ப்பும் இக்கருத்தை ஒட்டியதே. பிறர் உரிமையை மீறுமாறு தூண்டும் நோக்கத்தோடு ஒரு கருவியைப் பரப்பியவன், அம்மீறலுக்குப் பொறுப்பாளி ஆவான் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். கருவியை விட்டு நோக்கத்தை நோக்கினர். செயலுக்கு உயிர் அதன் எண்ணமே என்று கற்ற நமக்கு இது புதிய பாடம் அன்று.

வேறு சிலர் கூறுவதே ஆராய்ச்சிக்கு உரியது. “நான் எடுத்தது படிதானே? உடையவனிடம் மூலம் அப்படியே இருக்கிறது. எவனும் ஒன்றும் இழக்கவில்லை. இழப்பில்லாத இடத்தில் களவு ஏது?” என்பது அவர்கள் வாதம்.

நாம் ஏற்றுள்ள ஐந்து சீலங்களில் இரண்டாவதனைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். பிறனுக்கு இழப்பு உண்டாக்காதே என்று அது அமைந்திருக்கவில்லை. கொடுக்கப்படாததை எடுப்பதினின்று விலகுதல் என்றே அது அமைந்திருக்கிறது. உடையவனுக்கு எவ்வளவு குறைந்தது என்று அங்கே கணக்குப் பார்ப்பதில்லை; “கொடுத்தானா?” என்று மட்டுமே கேட்கப்படுகிறது. படிகளால் நிறைந்த இக்காலத்திற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமோ? இழப்பை அளவாகக் கொண்டால் நாம் வழி தவறிப்போவோம். கொடையை அளவாகக் கொண்டால் தவறமாட்டோம். இவ்வளவுகோலை இரண்டு மெய்ந்நிகழ்ச்சிகளின்மேல் வைத்துப் பார்ப்போம்.

கொடுத்த ஒன்று

அமெரிக்கக் கலிபோர்னியாவில் 1965இல் தோன்றியது கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழு. தங்கள் கச்சேரிகளை, வந்து கேட்போர் சொந்தக் கருவி கொண்டு பதிந்துகொள்ள அக்குழுவினர் இசைந்தனர். 1984 முதல் அவ்வாறு பதிவோர்க்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கினர். நிபந்தனை ஒன்றே: பதிந்ததை விற்கலாகாது, ஒருவருக்கொருவர் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். இரசிகர்கள் வீட்டுக்கு வீடு நாடாக்களைப் படியெடுத்து அஞ்சலில் அனுப்பினர். 1998இல் இ-ட்ரீ என்னும் கூட்டம், இத்தகைய இசைவு தந்த குழுக்களின் கச்சேரிப் பதிவுகளை, ஒலித்தரம் குன்றாத கோப்புகளாக இணையத்தில் பகிரத் தொடங்கிற்று. பின்னர் டோரண்டும் அவர்கள் கைக்கு வந்தது. பதிந்தவர்கள் கூலிக்குப் பதிந்தவர்கள் அல்லர். தம் காசில் கருவி வாங்கி, இரவெல்லாம் நின்று பதிந்து, காசு வாங்காமல் கொடுத்தவர்கள். சீலத்தின் கேள்விக்கு இங்கே விடை தெளிவு. கொடுக்கப்பட்டது, ஆதலின் எடுத்தவர் குற்றமற்றவர்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிலையம் இக்கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து எவரும் எடுத்துக்கொள்ள வைத்திருந்தது. 2005 நவம்பரில், குழுவினர் தரப்பின் விருப்பப்படி, அவற்றை எடுத்துக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டது. இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களிலேயே, கூட்டத்திலிருந்து இரசிகர்கள் பதிந்தவை மீண்டும் எடுக்கத் தரப்பட்டன. மேடையின் ஒலிப்பெட்டியிலிருந்து நேரே பதிந்தவை கேட்பதற்கு மட்டும் என்று வைக்கப்பட்டன.

சட்டப்படி குழுவினருக்கு அவ்வுரிமை இருந்திருக்கலாம். ஆனால் பல்லாண்டுகளாகக் கொடுத்ததை ஒருநாள் மூடினால், பெற்றவர் உள்ளத்தில் ஒரு வாக்கு முறிந்ததாகவே தோன்றும். முறிந்தும் பயன் யாது? அப்பதிவுகள் அதற்கு முன்னரே எண்ணற்ற வீடுகளில் இருந்தன. கொடுத்த நெல்லையேனும் சண்டையிட்டுத் திரும்பப் பெறலாம். பரவிய ஒலியைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. ஆகவே இத்தகைய ஈகையில் பின்னெண்ணம் உதவாது. எண்ண வேண்டியதையெல்லாம் கை திறக்குமுன்னரே எண்ணியாக வேண்டும்.

கொடாத ஒன்று

இரண்டாவது நிகழ்ச்சி கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பள்ளிச் சிறுவன், பள்ளியின் படப்பிடிப்பு அறையில் தனியே இருந்தபோது, கோலொன்றை வாளாகச் சுழற்றித் திரைப்பட வீரனைப்போல் சண்டை பழகினான். அதைத் தானே பதிந்தான். சிறுவர் யாவரும் செய்வதே அது. நம் தெருக்களில் தென்னை மட்டையை வாளாக்காத பையன் உண்டா? நாடா பள்ளியிலேயே கிடந்தது. 2003இல் உடன்பயில்வோர் அதைக் கண்டெடுத்துக் கணினிக் கோப்பாக்கிப் பகிர்வு வலையில் இட்டனர். அக்காலத்துப் பகிர்வு மென்பொருள்களில், எடுத்தவன் தடுக்காவிடின், அவன் எடுத்த கோப்பு அவன் கணினியிலிருந்தே பிறருக்கும் போகும். உலகெங்கும் பெருங்கூட்டம் அதைப் பார்த்து நகைத்தது. சிறுவன் பள்ளிக்குச் செல்ல இயலாத நிலை வந்தது. அவன் குடும்பத்தார் உடன்பயின்றோர் குடும்பங்களின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2006இல் அது உடன்பாட்டில் முடிந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 2013இல், வளர்ந்து ஆளான அவர் தாமே முன்வந்து, தம்மைப் போல் இணையத்தில் ஏளனத்துக்கு ஆளாவோர்க்கு ஆறுதலாகப் பேசினார். அந்த வீடியோ மட்டும் மறையவில்லை.

இங்கே இழப்பு என்னும் அளவுகோல் எவ்வளவு பயனற்றது என்று காணுங்கள். நாடாவின் ஒரு விரற்கடையும் குறையவில்லை. எடுத்தவர்கள் “எவனுக்கும் ஒரு காசு நட்டமில்லை” என்று சொல்லியிருக்கலாம். ஆயின் ஒரு சிறுவனின் பள்ளிப் பருவம் போயிற்று. “கொடுத்தானா?” என்று ஒருவன், ஒரே ஒருவன், தொடக்கத்திலே கேட்டிருந்தால் அது போயிராது.

துண்டும் முழுமையும்

“நான் தொடங்கியவன் அல்லன். எனக்கு வந்தது, நான் கொடுத்தேன். அதுவும் முழுக் கோப்பையா கொடுத்தேன்? சில துண்டுகள் என் கணினியிலிருந்து போயின, அவ்வளவே” என்று ஒருவன் கூறலாம்.

ஆயிரம் பேர் ஆளுக்கொரு கல் எறிந்தால் எந்தக் கல்லும் தனியே கொல்லவில்லை என்று சொல்லக்கூடும். ஆனால் அடிபட்டவன் இறந்துகிடக்கிறான். பாவு நூல் ஆயிரத்தில் ஓரிழை அறுந்தாலும் நெய்பவன் தறியை நிறுத்தி முடிச்சிடுகிறான். ஓரிழைதானே என்று விட்டால் துணி முழுவதும் பழுதாகும் என்பது அவனுக்குத் தெரியும். பகிர்வு வலையில் துண்டைக் கொடுத்தவன், முழுமை உருவாவதற்கென்றே கொடுத்தான். தனித்துண்டால் எவனுக்கும் பயனில்லை. அது சேரும் என்பதனாலேயே கொடுக்கப்பட்டது. ஆகவே முழுமையின் பொறுப்பிலும் அவனுக்குப் பங்கு உண்டு.

“நான் பார்த்தேன், அவ்வளவுதான்” என்பதும் இங்கே நில்லாது. எடுக்கும்போதே கொடுக்கும் முறையில், பார்க்க எடுத்தவன் பரப்பியவனும் ஆகிறான்.

வீட்டில் செய்தது எவருடையது?

“திரைப்படம் பிறருடையது, என் வீட்டில் நான் எடுத்தது என்னுடையது அன்றோ?” என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. கைபேசி உன்னுடையது, அதில் தெரியும் முகம் உன்னுடையதா?

ஒரு வீட்டில் பாட்டி தாலாட்டுப் பாடுகிறாள் என்று கொள்வோம். பேரன் பதிகிறான். வேறொரு நாள் அவளே ஓர் ஒப்பாரியும் பாடுகிறாள், அதையும் பதிகிறான். இரண்டும் அரிய செல்வங்கள். உலகுக்குக் கொடுத்தால் அழியாமல் நிற்குமே என்று அவன் நினைக்கிறான். நினைப்பு நல்லதே. ஆனால், “ஆத்தா, இதை ஊர் உலகமெல்லாம் கேட்கட்டுமா?” என்று அவன் கேட்க வேண்டும். “தாலாட்டைக் கொடு சாமி, பிள்ளைகள் தூங்கட்டும். ஒப்பாரி வேண்டாம், அது உங்கள் தாத்தாவுக்கு நான் அழுதது” என்று அவள் சொல்லக்கூடும். அவ்வெல்லையை அவளன்றி வேறு எவர் அறிவார்? கேளாமல் கொடுத்தவன், தன் பாட்டியின் கண்ணீரையே கொடாப் பொருளாக எடுத்தவன் ஆவான்.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே நிற்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று ஒருவர் பாடுவதைப் பதிவதை அது குற்றமாகக் கொள்வதில்லை. அப்பதிவைப் பொதுமக்களுக்கு வழங்குவதோ, பாடியவரின் உரிமையைச் சார்ந்த வேறொரு செயல் என்று அது கருதுகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. மழலை பேசும் குழந்தையிடம் இசைவு கேட்டால் தலையாட்டும். அதன் பொருள் அதற்குத் தெரியாது. வளர்ந்து, வேலைக்குச் செல்லும் நாளில், அக்காட்சி தன்னைத் தொடர்வதை அது விரும்புமோ, விரும்பாதோ? நாளை கேட்கப்படும் கேள்விக்கு இன்று நாம் விடை சொல்லிவிடுகிறோம். திரும்பப் பெற இயலாத வழியில் குழந்தையின் முகத்தைக் கொடாதிருத்தலே தகும்.

கொடுத்துக்கொண்டே இருத்தல்

இதுகாறும் தடைகளையே சொன்னோம். இம்முறையில் போற்றத்தக்க அறமும் உண்டு.

2000ஆம் ஆண்டில் அடார், ஹூபர்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர், நுடெல்லா என்னும் பகிர்வு வலையை ஆராய்ந்தனர். அங்கிருந்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பையும் பிறருக்குக் கொடுக்கவில்லை. வந்த கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளில் ஏறத்தாழப் பாதி, 100இல் ஒருவராக இருந்த சிலரிடமிருந்தே வந்தது. குறையாத பொருளைக் கொடுப்பதற்கும் மனிதன் மனம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்!

இதற்கு மருந்தாகக் கோஹன் தம் முறையில் ஒரு விதியை வைத்தார். உனக்கு நன்றாகக் கொடுப்பவருக்கே நீயும் கொடு என்று கணினி நடந்துகொள்ளும். எவர் மிகுதியாகக் கொடுக்கிறார் என்று 10 நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். கடைக்காரனின் நியாயம் இது. ஆனால் இந்நியாயம் மட்டும் இருந்தால், புதிதாக வந்து ஒரு துண்டும் இல்லாமல் நிற்பவன் எதைக் கொடுத்துத் தொடங்குவான்? என்றும் வெறுங்கையோடே நிற்பான். ஆதலின் மற்றொரு விதியும் வைத்தார். 30 நொடிக்கு ஒருமுறை, இதுவரை ஒன்றும் கொடாத எவரேனும் ஒருவருக்கும் கைம்மாறு கருதாமல் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். கணக்காகக் கொடுத்து வாங்கும் சந்தையும், கணக்கில்லாத ஒரு கொடையின்றித் தொடங்க முடியாது. அறவோர் உரைத்ததை ஓர் இயந்திரத்தைக் கட்டியவரும் தம் தேவையினாலேயே கண்டுகொண்டார்.

முழுக் கோப்பும் கிடைத்த பின் ஒருவன் வலையில் நிற்பதால் அவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எந்த விதியும் அவனைக் கட்டுப்படுத்தாது. எனினும் சிலர் தம் கணினியை மூடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பர். அவர்களை விதைப்போர் என்று அவ்வுலகம் அழைக்கிறது. பெற்றுக்கொண்டபின் எழுந்து போகாதவன் அவன். பந்தியில் உண்ட பின் இலை எடுக்க நிற்பவனைப் போன்றவன். எவரோ ஒருவர் வீட்டில் பாடிய பாட்டு எங்கோ ஒருவருக்கு எட்டுவது அவன் நின்றதனாலேயே.

நிறுத்தலும் அறமே

முடிவாக ஒன்று. கொடாத பொருள் ஒன்று தம் கையில் வந்துவிட்டதைப் பின்னர் அறிந்தவர் செய்வது யாது? “ஊரெல்லாம் பரவிவிட்டது, நான் ஒருவன் நிறுத்தி என்ன ஆகப்போகிறது?” என்று அவர் சோர்ந்துவிட வேண்டுமா?

இம்முறையின் இயல்பே அதற்கு விடை தருகிறது. விதைப்போர் உள்ளவரையில்தான் டோரண்ட் உயிரோடிருக்கும். விதைப்போர் ஒவ்வொருவராக விலக, சில துண்டுகள் எவரிடமும் இல்லாமற்போக, புதிதாக வருவோர்க்கு அக்கோப்பு முழுமையாகக் கிட்டாது. வலை அதனை மறந்துபோகும். மூலைகளில் சில படிகள் கிடக்கும் என்பது உண்மையே. ஆனால் ஓடும் ஆறு நின்றுவிடும். நன்மையை வாழவைப்பது எதுவோ அதுவே தீமையையும் வாழவைக்கிறது. அஃது ஒவ்வொருவனும் தன் கணினியைத் திறந்து வைத்திருப்பதே. ஆகவே என் ஒருவனால் என்ன என்னும் சொல், இவ்விடத்தில் எக்காலத்தும் பொய்.

எனவே, அன்பர்களே, வீட்டில் செய்த ஒலியையும் காட்சியையும் உலகுக்குக் கொடுக்க விரும்புவோர் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன் அதில் உள்ள ஒவ்வொரு குரலையும் முகத்தையும் கேளுங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள், விற்கலாமா, மாற்றலாமா என்பதைத் தெளிவாக எழுதி உடன் வையுங்கள். திரும்ப வாராது என்று தெரிந்தே கொடுங்கள். பிறர் கொடுத்ததைப் பெற்றால், பெற்றவுடன் ஓடாமல் சற்றே நின்று அடுத்தவருக்கும் கொடுங்கள். கொடாததென்று அறிந்தால் அந்நொடியே உங்கள் கையை மூடுங்கள்.

இவ்வளவும் கணினிக்குத் தெரியாது. துண்டு சிதையாமல் வந்ததா என்று அது சரிபார்க்கும். உடையவர் மனமாரக் கொடுத்தாரா என்று அது கேளாது. அக்கேள்வியைக் கேட்பது நம் வேலை.